மகளின் நோட்டில் ஓர் உணவுக்கூட வரைபடம்

கணவரின் வேலை மாற்றத்தால் சென்ற ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவின் ஒரு புறநகர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்த தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய 14 வயது மகள் ஆகஸ்டில் அங்குள்ள அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில், அதாவது நான்காண்டு உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில், சேர்ந்தாள். விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில், போகப்போகிற பள்ளி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக, ஹாலிவுட்டின் உயர்நிலைப் பள்ளிப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தாளாம். ‘படம் பார்த்து ஆங்கிலம் பழகுகிறாள் என்று நானும் மகிழ்ந்துபோனேன்’ என்கிறார் தாய்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மகள் மதிய உணவு இடைவேளையை நூலகத்தில் கழிக்கிறாள். கணித ஆசிரியர் தாமே அழைத்தும் கணிதக் கழகத்தில் சேர மறுத்துவிட்டாள். சேர்ந்தால் ‘நெர்ட்’, அதாவது படிப்புப் பைத்தியம், என்று முத்திரை விழுந்துவிடுமாம். கண்ணாடிக்குப் பதிலாகக் கான்டாக்ட் லென்ஸ் கேட்கிறாள். ஆங்கில வகுப்பில் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்வரிசை மாணவன் ஒருவன் அவளுடைய உச்சரிப்பை நடித்துக் காட்டுவதும், பக்கத்தில் இருவர் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஐந்து வாரமாக அவள் அந்த வகுப்பில் கை தூக்குவதே இல்லை. அவளோடு பேச்சுக் கொடுக்கும் ஒரே பெண், எப்போதும் கறுப்பு உடையும் கண்ணில் அடர்ந்த மையுமாக வருகிறவள். ‘பார்த்தாலே தெரிகிறது, அந்த மாதிரிப் பிள்ளைகளோடு சேராதே என்று சொல்லிவிட்டேன்’ என்று அதை ஒரே வரியில் கடந்துபோகிறார்.

சென்ற வாரம் மகளின் அறையை ஒழுங்குபடுத்தியபோது நோட்டு ஒன்றில் ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. பென்சிலால் வரைந்த பதினொரு செவ்வகங்கள். ஒவ்வொன்றும் உணவுக்கூடத்தின் ஒரு மேசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: விளையாட்டு வீரர்கள், சியர்லீடர்கள், இசைக்குழு, நாடகக்காரர்கள், இங்கேயே பிறந்த இந்தியர்கள் என்று. குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில், எந்தச் செவ்வகத்துக்குள்ளும் சேராமல், ஒரு சிறு வட்டம்; அதற்குள் மகளுடைய பெயரின் முதலெழுத்து.

அமெரிக்கப் பள்ளிகள் உண்மையிலேயே அந்தப் படங்களைப் போலத்தான் இருக்குமா, இனி அவற்றைப் பார்க்கத் தடை போடலாமா, தனியார் பள்ளிக்கு மாற்றினால் சரியாகுமா, கேலி செய்யும் மாணவனைப் பற்றிப் புகார் கொடுத்தால் அது தங்கள் விசாவுக்குச் சிக்கலாகுமா என்று கேட்கிறார். கடிதத்தில் ஆசிரியர்கள், அந்த மாணவன், கூடச் சிரிக்கும் இருவர் என எல்லோருடைய பெயர்களும் இருந்தன, அவற்றை நீக்கியிருக்கிறோம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த நோட்டுப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றேன். நீங்கள் அதை ஒரு நோயின் அறிகுறியைப் போல விவரித்திருக்கிறீர்கள். மொழியும் முகங்களும் மணியடிக்கும் முறையும்கூடப் புதிதாக இருக்கும் ஓரிடத்தில் தன்னந்தனியாக வந்து இறங்கிய பிள்ளை, மிரண்டு நின்றுவிடாமல், பென்சிலை எடுத்து யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்துக் குறித்திருக்கிறாள் என்பதுதான் அதில் எனக்குத் தெரிகிறது. கூர்மையான பிள்ளைகள் செய்கிற வேலை அது. எனக்குக் கவலை தருவது, எந்த மேசையிலும் சேராத அந்தச் சிறு வட்டம் மட்டுமே.

அவள் எதைப் பார்த்து வரைந்தாள் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2004-இல் வெளிவந்த ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில், ஆப்பிரிக்காவில் வளர்ந்து வீட்டிலேயே படித்த கேடி என்னும் பெண், 16 வயதில் முதன்முறையாக ஓர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறாள். யாரோடு உட்காருவது என்று தெரியாமல் முதல் நாள் மதிய உணவைக் கழிப்பறையில் வைத்துச் சாப்பிடுகிறாள். பிறகு ஜேனிஸ் என்னும் மாணவி உணவுக்கூடத்தின் வரைபடத்தை வரைந்து கொடுத்து, எந்த மேசையில் எந்த வகையினர் என்று விளக்குகிறாள். உங்கள் மகளுக்கு அது தன் கதையையே முன்கூட்டி எடுத்துவைத்தது போல இருந்திருக்கும். வரைந்து கொடுக்க ஆள் இல்லாததால் தானே வரைந்துகொண்டாள்.

ஆனால் அந்தப் படத்தை அவள் பாதிவரைதான் மனத்தில் வைத்திருக்கிறாள். கணிதக் குழுவில் சேராதே, சேர்ந்தால் பள்ளியில் உன் கதை முடிந்தது என்று கேடியிடம் தொடக்கத்தில் எச்சரிப்பது உண்மை. அதே கேடி கடைசியில் அந்தக் குழுவில் சேர்ந்து, மாநிலப் போட்டியில் கடைசிக் கணக்குக்கு விடை சொல்லி வெற்றி தேடித் தருகிறாள் என்பதும் அதே படத்தில் இருக்கிறது. மகள் கணிதக் கழகத்தை மறுத்ததற்கு அந்தப் படம் காரணமாக இருந்தால், அதற்கான மறுமொழியும் அதற்குள்ளேயே கிடக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படம், பெற்றோருக்காக ரோசலிண்ட் வைஸ்மன் என்பவர் 2002-இல் எழுதிய அறிவுரை நூலை அடிப்படையாகக் கொண்டு உருவானது. பெண் பிள்ளைகளின் குழுக்களில் என்ன நடக்கிறது என்று தாய்மாருக்குச் சொல்வதற்காக எழுதப்பட்ட விஷயத்தை, உங்கள் மகள் பள்ளிக்குள் நுழைவதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

படம் காட்டுவதும் பள்ளியில் நடப்பதும்

ஒரு திரைப்படத்துக்குக் கிடைப்பது ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம். பதினைந்து மாணவர்களை அறிமுகப்படுத்தி, அவர்களில் ஐந்து பேரின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அதனால் உடை, கண்ணாடி, நடை, உட்காரும் மேசை ஆகியவற்றைக் கொண்டே ஒருவர் யார் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். இது கதை சொல்லும் வசதி. 1985-இல் வந்த ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’, ஒரு சனிக்கிழமை தண்டனையாகப் பள்ளி நூலகத்தில் அடைக்கப்பட்ட ஐந்து மாணவர்களை மூளைக்காரன், விளையாட்டு வீரன், கிறுக்குப் பெண், இளவரசி, குற்றவாளி என்று ஐந்து பெயர்களால் அழைத்துவிட்டு, மாலைக்குள் அந்தப் பெயர்கள் எவ்வளவு பொய் என்று காட்ட முயன்றது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் படம் முடியும்போது பாருங்கள்: கறுப்பு உடையில் ஒதுங்கியிருந்த பெண்ணுக்கு முகத்தைத் திருத்தி அலங்கரித்த பிறகே விளையாட்டு வீரன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான், மற்ற நால்வருக்கும் ஜோடி சேர்ந்துவிட, ஐவருக்குமான கட்டுரையை மூளைக்காரன் தனியாக உட்கார்ந்து எழுதுகிறான். முத்திரையை எதிர்க்க வந்த படமே கடைசியில் அவரவரை அவரவர் முத்திரைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது இந்த இடத்தில் நிறுத்தி, ‘இது உனக்கு நியாயமாகப் படுகிறதா?’ என்று கேளுங்கள்.

மகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி, நடிகர்களின் வயது. ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில் பள்ளியையே ஆட்டிவைக்கும் ரெஜினாவாக நடித்த ரேச்சல் மெக்காடம்ஸுக்குப் படம் வெளிவந்தபோது வயது 25. ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ குற்றவாளி ஜட் நெல்சனுக்கும் அப்போது 25. 1978-இல் வந்த ‘கிரீஸ்’ படத்தில் பள்ளி மாணவியாக நடித்த ஸ்டாக்கர்ட் சானிங், படப்பிடிப்பின்போது முப்பதைக் கடந்தவர். பருக்களும், திடீரென்று நீண்டுவிட்ட கைகால்களும், எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத கைகளும் உள்ள 14 வயதுப் பிள்ளை, ஒப்பனைக் கலைஞர் பக்கத்திலேயே நிற்கும் 25 வயதுப் பெண்ணோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஒப்பீட்டில் யாருமே தோற்றுத்தான் போவார்கள்.

இத்தனையும் சொல்வதால் அந்தப் படங்கள் காட்டுவது முழுக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். குழுக்கள் உண்மை. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இலினாய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-இல் எழுதிய நூலில், அங்கே மாணவர்களிடையே மதிப்பைத் தேடித் தருவது படிப்பைவிட விளையாட்டே என்று காட்டினார். மேலே நான் சொன்ன ‘மீன் கேர்ள்ஸ்’, ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ ஆகிய இரண்டின் கதைகளும் அதே இலினாயில், சிகாகோவை ஒட்டிய புறநகர்ப் பகுதியில்தான் நடக்கின்றன. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் சாயலை உலகமே அமெரிக்கப் பள்ளி என்று எடுத்துக்கொண்டது.

ஆனால் உங்கள் மகளுக்கு உதவப்போவது பெனலோப் எக்கர்ட் என்ற மொழியியலாளரின் ஆய்வு. டெட்ராய்ட் நகரத்தின் புறநகர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களோடு நெடுங்காலம் பழகி, 1989-இல் அதை அவர் நூலாக்கினார். பள்ளி நடவடிக்கைகளில் முழுதாக ஈடுபடும் ‘ஜாக்’குகள், பள்ளியிலிருந்து விலகி நிற்கும் ‘பர்னவுட்’டுகள் என்று அங்கே இரு துருவங்கள் இருந்தன, அந்தப் பிரிவு பெரும்பாலும் பெற்றோரின் பொருளாதார நிலையை ஒட்டியே போனது. அதே பள்ளியின் பெரும்பாலான மாணவர்களோ இந்த இரண்டிலும் சேராமல், தங்களை ‘இடையில் இருப்பவர்கள்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். திரையில் அவர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்களை வைத்துக் கதை ஓட்ட முடியாது. உங்கள் மகளின் வரைபடத்தில் அந்த வட்டம்தான் தனியாக நிற்கிறது என்று அவள் நம்புகிறாள். அந்தப் பதினொரு மேசைகளிலும், அவற்றுக்கு வெளியே நூலகத்திலும் இசை அறையிலும், அதே போன்ற வட்டங்கள் எத்தனையோ இருக்கும்.

நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. பெரிய பள்ளிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதில்லை. மதிய இடைவேளையையே இரண்டு மூன்றாகப் பிரித்து, அவரவர் பாட அட்டவணைப்படி ஒதுக்குகிறார்கள். யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதை அந்த அட்டவணையே பெருமளவு முடிவு செய்கிறது. சென்ற ஆண்டுவரை சேர்ந்து சாப்பிட்ட பழைய தோழிகள், இடைவேளை வேறு வேறாகிவிட்டதால் புதியவர்களோடு உட்காருவதை, ஸ்கூல் கவுன்சிலராக, அதாவது பள்ளி மாணவர்களுக்கான ஆலோசகராக, வேலை செய்யும் நான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பார்க்கிறேன். அடுத்த பருவத்தில் அட்டவணை மாறும்போது மேசைகளும் மாறும்.

‘நம் ஊரில் இந்த மாதிரிப் பிரிவினை எதுவும் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் சற்று யோசித்துப் பாருங்கள். முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவில் இருந்த தூரம் உங்களுக்கு நினைவில்லையா? ‘படிப்ஸ்’ என்று ஒருத்திக்குப் பெயர் வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அது அவளை விட்டுப் போனதா? அங்கே உங்கள் மகளுக்கு ஒரு பெஞ்சு இருந்தது, அதனால் பெஞ்சுகள் இருப்பதே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

‘படிக்கத்தானே போகிறாள், தோழிகள் இல்லாவிட்டால் என்ன’ என்ற உங்கள் கணவரின் கருத்தையும் நான் ஏற்க மாட்டேன். 14 வயதில் தன்னை ஒத்தவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்ற கேள்வி ஆடம்பரமானது அல்ல. தான் யார் என்று அந்த வயதுப் பிள்ளை அறிந்துகொள்வது பெரும்பாலும் மற்றவர்களோடு பழகித்தான். நூலகத்தில் தனியாக இருப்பதையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். அமைதியை விரும்பி அங்கே போகும் பிள்ளைகள் உண்டு, ஒளிந்துகொள்ளப் போகும் பிள்ளைகளும் உண்டு. ‘அங்கே போனால் நிம்மதியாக இருக்கிறதா, இல்லை வேறு எங்கும் போக முடியாமல் போகிறாயா?’ என்று கேட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

பிரபலமும் பிரியமும்

மகள் சியர்லீடிங் அணியைப் பற்றி விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். அவளுக்கு அதில் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாக முயலட்டும். அது கடுமையான உடற்பயிற்சி. ஆனால் பிரபலமாக வேண்டும் என்பதற்காக என்றால், அந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள் இருப்பதை அவளுக்குச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்தவராக, எல்லோரும் திரும்பிப் பார்ப்பவராக இருப்பது ஒன்று. கூட இருப்பவர்களுக்குப் பிடித்தவராக இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை உளவியலாளர்கள் வெவ்வேறு பள்ளிகளில் கண்டிருக்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஆலன் குழுவினர் 184 பேரை 13 வயது முதல் 23 வயதுவரை தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 13 வயதிலேயே பெரியவர்களைப் போல நடந்துகொண்டு, சீக்கிரமே காதல், சின்னச்சின்ன விதிமீறல், அழகானவர்களோடு மட்டும் நட்பு என்று பெயர் வாங்கியவர்களின் புகழ் சில ஆண்டுகளிலேயே மங்கியது. இருபதுகளின் தொடக்கத்தில் மதுவிலும் உறவுகளிலும் மற்றவர்களைவிட அதிகச் சிக்கல்கள் அவர்களுக்கு இருந்தன.

கறுப்பு உடை அணிந்த பெண்

இப்போது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். வருத்தப்படாமல் படியுங்கள், ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல.

மகள் உடையையும் மேசையையும் பார்த்து மனிதர்களுக்குப் பெயர் வைக்கிறாள் என்று கவலைப்பட்டு ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், நீங்கள் ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காத ஒரு பெண்ணை, அவளுடைய உடையையும் கண் மையையும் பார்த்து, ‘அந்த மாதிரி’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். புதிய நாடு, பழக்கமில்லாத தோற்றம், போதைப்பொருளைப் பற்றிச் செய்திகளில் படித்ததெல்லாம் சேர்ந்து உங்களுக்குள் எழுந்த பயம் எனக்குப் புரிகிறது. மகள் பெயர் எழுதுவதற்கும் காரணம் அதே பயம்தான். தெரியாத முகங்களுக்கு நடுவில் நிற்கும்போது யாரும் சட்டென்று பெயர் வைத்துத் தங்களைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். தாயும் மகளும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். மகள் பென்சிலால் செய்தாள், அழிக்க முடியும். நீங்கள் கட்டளையாகச் சொல்லிவிட்டீர்கள்.

அதன் விளைவைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பள்ளியில் உங்கள் மகளிடம் தானாக வந்து பேசியவள் ஒருத்தி. அந்தக் கதவை உள்ளிருந்து சாத்தியது நீங்கள். மகள் நூலகத்துக்குப் போகத் தொடங்கியது அக்டோபர் முதல் வாரம் என்கிறீர்கள். அந்தப் பெண்ணோடு சேராதே என்று சொன்னது செப்டம்பர் கடைசி என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட நான் அவசரப்படவில்லை, ஆனால் நீங்கள் மகளிடம் கேட்டே ஆக வேண்டும்.

கறுப்பு உடை அணிவதால் ஒரு பிள்ளை தீய வழியில் போகிறது என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இசை ரசனை, ஓவிய ஆர்வம், கூட்டத்தோடு கலக்க விருப்பமின்மை, சில சமயம் உள்ளே இருக்கும் துயரம், பல சமயம் வெறும் நிறப் பிடித்தம் என்று அதற்குக் காரணங்கள் பல. சரி, அவள் உண்மையிலேயே தவறான துணையாக இருந்துவிட்டால்? அதை எதைக் கொண்டு அறிவது என்று சொல்கிறேன். அவளோடு இருந்துவிட்டு வரும் நாளில் மகள் இலகுவாக இருக்கிறாளா, இறுக்கமாக இருக்கிறாளா? வீட்டில் பொய் சொல்லத் தேவை ஏற்படுகிறதா? மற்றவர்களிடமிருந்து மகளைப் பிரிக்கிறாளா? ‘வேண்டாம்’ என்று மகள் சொன்னால் அதை ஏற்கிறாளா? கவனிக்க வேண்டியவை இவை. ஒரு மாலைப் பொழுது இருவரையும் வீட்டு மேசையில் உட்காரவைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில் கேடிக்கு வரைபடம் வரைந்து கொடுத்த ஜேனிஸும் கறுப்பும் அடர்ந்த மையுமாக ஒதுங்கி நிற்பவள்தான். குறையில்லாதவள் அல்ல, தன் பழைய பகைக்குக் கேடியைப் பயன்படுத்தவும் செய்கிறாள். ஆனாலும் கழிப்பறையில் தனியாகச் சாப்பிட்ட பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தது அவளும் அவளுடைய நண்பனும்தான்.

உச்சரிப்பைக் கேலி செய்வது: உங்கள் உரிமைகள்

மேசைகள் விஷயத்தில் பொறுமை வேண்டும் என்றேன். இந்த விஷயத்தில் பொறுக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் பேச்சைத் தொடர்ந்து நடித்துக் காட்டி, அவள் வகுப்பில் வாயே திறக்காதபடி செய்வது, குழு அரசியலோ வயதுக்குரிய விளையாட்டோ அல்ல. திரும்பத் திரும்ப நடப்பது, ஒரு பக்கம் பலம் கூடியிருப்பது, அவளுடைய கல்வி பாதிக்கப்படுவது ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாணவர்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டங்கள் உள்ளன. கடைசியாக மொன்டானா 2015-இல் இயற்றியது. அதற்கும் மேலாக, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டரசு நிதி பெறும் பள்ளிகளில் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பூர்விகத்தோடு இணைந்த உச்சரிப்பைக் குறிவைத்து நடக்கும் கேலி, பிள்ளையின் படிப்பைப் பாதிக்கும் அளவுக்குப் போனால், அதை அறிந்த பள்ளி கைகட்டி நிற்கக் கூடாது.

எழுத்தில் தெரிவியுங்கள். ஆங்கில ஆசிரியருக்கும் மகளுடைய ஸ்கூல் கவுன்சிலருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதற்கு மேல்தான் இருக்கிறார்கள். ஆகவே பத்து வரிக்குள் எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த வகுப்பு, என்ன சொல்லப்பட்டது, யார் கேட்டார்கள், அதன் பிறகு மகள் எப்படி மாறினாள், நீங்கள் எதிர்பார்ப்பது என்ன. கேலி முணுமுணுப்பாக நடப்பதால் ஆசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த மாணவனுக்கு ‘போக்கிரி’, ‘இனவெறியன்’ என்று பெயர் வைக்காதீர்கள். அவன் செய்ததை மட்டும் எழுதுங்கள். செயலைப் பள்ளியால் விசாரிக்க முடியும். பட்டப்பெயரைப் பற்றி வாதம்தான் நடக்கும்.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ஆங்கிலத்தில் தயங்கும் பெற்றோருக்கு அவர்கள் புரிந்துகொள்ளும் மொழியில் முக்கியச் செய்திகளைத் தெரிவிப்பது பள்ளியின் கடமை, அதற்குக் கட்டணம் கிடையாது. இந்தக் கூட்டத்தில் மகளையே மொழிபெயர்க்கவைக்க வேண்டாம். தனக்கு நடந்த அவமானத்தைத் தானே இரு பக்கமும் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

விசாவைப் பற்றி அஞ்ச வேண்டாம். பள்ளியிடம் முறையிடுவது குடிவரவு தொடர்பான செயலே அல்ல. ஆவணங்கள் இல்லாத குழந்தைகளுக்குக்கூட அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. முறையான விசாவில் வந்தவர்கள் நீங்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதையும் சட்டம் தடுக்கிறது.

ஆனால் இரண்டு உண்மைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பள்ளி உங்கள் பெயரை வெளியிடாவிட்டாலும், யார் சொன்னது என்று அந்த மாணவன் ஊகித்துவிடக்கூடும்; எனவே மகளுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள், அவளோடு உட்கார்ந்து எழுதுங்கள். அவனுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் பொதுவாக உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் சட்டம் உங்கள் மகளைக் காப்பது போலவே அவனையும் காக்கிறது. கேலி நின்றதா என்பதை வைத்தே பலனை அளந்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் துணை முதல்வருக்கும், பிறகு மாவட்டப் பள்ளி நிர்வாகத்துக்கும் செல்லலாம். அங்கும் பயனில்லையெனில் கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் முறையிடலாம். சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பது பொது விதி.

தனியார் பள்ளி இவை எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நினைக்கிறீர்கள். மேசைகளும் குழுக்களும் அங்கேயும் உண்டு, மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் சில சமயம் இன்னும் இறுக்கமாகவே இருக்கும். மேலும், கூட்டரசு நிதி பெறாத தனியார் பள்ளியை நான் மேலே சொன்ன 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு கட்டுப்படுத்தாது. பணம் கட்டி உரிமையைக் குறைத்துக்கொள்வதற்கு முன் இப்போதைய பள்ளிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

படங்களுக்குத் தடை வேண்டாம். இதுவரை அவள் தனியாகப் பார்த்தாள், இனி கூட உட்காருங்கள். கான்டாக்ட் லென்ஸ் 14 வயதில் அணியலாம், கண் மருத்துவரின் சீட்டோடு மட்டும். அழகுக்கான வண்ண லென்ஸுக்கும் அமெரிக்காவில் சீட்டு கட்டாயம், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். வாங்கித் தரும் அன்று ஒன்றை மட்டும் கேளுங்கள்: கண்ணாடி அவளுக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, இல்லை, கண்ணாடியைக் கழற்றியதும் நாயகியாகிவிடும் பெண்களைப் படங்களில் பார்த்துப் பார்த்துக் கேட்கிறாளா? முதலாவதென்றால் லென்ஸ் உதவும். இரண்டாவதென்றால், லென்ஸ் போட்ட மறுநாள் யாரும் திரும்பிப் பார்க்காதபோது அவள் இன்னும் உடைந்துபோவாள்.

மேசைகளைத் தாண்டிப் பழக ஒரு வழி, எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்யும் இடங்கள். நாடகத்துக்கு அரங்கம் அமைக்கும் குழு, ரோபோட்டிக்ஸ், பல பள்ளிகளில் தேர்வுப் போட்டி வைக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நெடுந்தூர ஓட்ட அணி போன்றவற்றில், பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. கணிதக் கழகமும் அப்படிப்பட்ட இடமே. ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், சேருவதைப் பிறகு முடிவு செய்யட்டும்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, முன்பு பிடித்தவற்றில் ஆர்வம் போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விகளை அவர் கேட்பார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எந்த வடிவில் வந்தாலும் காத்திருக்காமல் 988 என்ற எண்ணை அழையுங்கள். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இயங்கும் இலவச நெருக்கடி உதவி எண் அது, குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

கடைசியாக அந்த நோட்டு. பார்த்ததை மறைக்காதீர்கள். ‘அறையைச் சுத்தம் செய்தபோது பார்த்துவிட்டேன், கேட்காமல் பார்த்தது தவறு’ என்று சொல்லுங்கள். கறுப்பு உடைப் பெண்ணைப் பற்றிச் சொன்ன வார்த்தையையும் அதே மூச்சில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவளிடம் வரைபடத்துக்கு விளக்கம் கேட்க வேண்டாம். ஆகஸ்டில் வரைந்த அந்த மேசைகளில் இன்று எது மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன, கேலி செய்யும் மாணவனின் பெயர் இருந்தது, கூடச் சிரிப்பவர்களின் பெயர்கள்கூட இருந்தன. மகளோடு பேசிய அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. மறைத்தீர்கள் என்று முதலில் நினைத்தேன்; பிறகு, அதை நீங்கள் கேட்கவே இல்லை என்று தோன்றியது. இன்று மாலை மகள் வந்ததும் கேளுங்கள்.